உழவுக் கருவிகள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். மாலூர் அருகே எங்களுக்குச் செம்மண் நிலம் இருக்கிறது. அங்கே பயன்படுத்தும் மூன்று தண்டு உளிக்கலப்பையில், மண்ணைக் கிழிக்கும் கொழுமுனைகள் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. முனைகளை மட்டும் மாற்றினால் போதும், போல்ட்டுகள் இன்னும் நன்றாகவே இருக்கின்றன என்கிறார் டிராக்டர் ஓட்டுநர். பட்டறையில் இருப்பவரோ இரண்டையும் மாற்றச் சொல்கிறார். யார் சொல்வது சரி? (வாசகி, அல்சூர்)

பதில்: பட்டறைக்காரர் சொல்வதே சரி. புதிய கொழுவுக்குப் பழைய போல்ட்டைப் போடுவதில் மிச்சமாகும் தொகை மிகச் சிறியது. அதனால் நேரக்கூடிய இழப்போ பெரியது.

கொழுமுனையை, கலப்பையின் சட்டத்திலிருந்து கீழிறங்கும் தண்டோடு பிணைக்கும் போல்ட் சாதாரண அறுகோணத் தலை போல்ட் அன்று. அதன் தலை கூம்பு வடிவில் கொழுவின் குழிக்குள் பதிந்து, மண்ணைத் தடுக்காமல் கொழுவின் முகத்தோடு சமமாக இருக்கும். தலைக்குக் கீழே உள்ள சதுரக் கழுத்து, நட்டை முறுக்கும்போது போல்ட் சுழலாதபடி பிடித்துக்கொள்ளும். உழும்போது கொழு தேய்வதைப் போலவே இந்தத் தலையும் மண்ணில் உரசித் தேய்கிறது. பின்பக்கமிருந்து நட்டையும் மரையையும் பார்ப்பவருக்குப் போல்ட் புதிதுபோலத் தெரியும். முன்பக்கத்தில் தலை காகிதம்போல் மெலிந்திருக்கும். உங்கள் ஓட்டுநர் அநேகமாகப் பின்பக்கத்தை மட்டுமே பார்த்திருப்பார்.

மாலூர், ஹொஸ்கோட்டே, கோலார் பக்கத்துச் செம்மண்ணில் மணலும் சரளைக்கல்லும் மிகுதி என்பதால், இந்தத் தேய்மானம் களிமண் நிலங்களில் இருப்பதைவிட விரைவாக நடக்கும். அதிலும் டிராக்டரின் சக்கரத் தடத்தையொட்டி வரும் ஓரக் கொழுக்கள் இறுகிய மண்ணைக் கிழிப்பதால், நடுக்கொழுவுக்கு முந்தித் தேயும்.

பல ஆண்டுகளுக்கு முன், ஹொஸ்கோட்டே அருகே ஒரு நண்பரின் நிலத்தில், மூன்று புதிய கொழுக்களைப் பழைய போல்ட்டுகளைக் கொண்டே நான் பூட்டினேன். காலையில் நன்றாக ஓடிய கலப்பையில், மதியத்துக்குள் ஒரு கொழு கழன்று மண்ணுக்குள் போய்விட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. மாலையில் கலப்பையைத் தூக்கிப் பார்த்தபோது, கொழு இருந்த இடத்தில் தண்டின் அடிப்பாகமே மண்ணோடு உரசி, போல்ட் துளைவரை தேய்ந்திருந்தது. தண்டின் விலை கொழுவின் விலையைப் போலப் பல மடங்கு. அந்த வருத்தம் இன்றும் எனக்குத் தீரவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எப்போது மாற்றுவது என்பதற்குப் புதிய கொழு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே நல்ல வழி. தேய்மானம் போல்ட் தலையை நெருங்குவதற்கு முன்பே கொழுவை எடுத்துவிட வேண்டும். இருமுனைக் கொழுவாக இருந்தால் கழற்றித் திருப்பிப் போட்டு மறுமுனையையும் பயன்படுத்தலாம். அப்படித் திருப்பும்போதும் புதிய போல்ட்டுகளையே போடுங்கள். மொட்டைக் கொழுவோடு உழுதால் கலப்பை மண்ணுக்குள் இறங்காமல் மேலெழும்பும், டிராக்டர் திணறும், டீசல் கூடுதலாகச் செலவாகும். உளிக்கலப்பையை நாம் ஓட்டுவதே மேல்மண்ணுக்கடியில் இறுகிக் கிடக்கும் கடினத் தட்டை உடைப்பதற்காகத்தான். ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் ஆழத்தில், அரை மீட்டர் இடைவெளியில், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுவது என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அந்த ஆழத்துக்கு இறங்காத கொழு அந்தத் தட்டைத் தொடாமலே வந்துவிடும்.

மாற்றும் வேலையைத் தொடங்குமுன் இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, கலப்பையின் சட்டத்தைக் கனமான மரக்கட்டைகளின் மேல் இறக்கி நிறுத்துங்கள். கலப்பையைத் தூக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அதன் கீழே கையை நீட்டக் கூடாது. சிமென்ட் கட்டிகளும் திடீரென நொறுங்கக் கூடியவை. பழைய கொழுவை எடுத்தபின் தண்டில் அது அமரும் பரப்பைக் கம்பித் தூரிகையால் துரு, மண், வெல்டிங் சிதறல் எதுவுமின்றிச் சுத்தம் செய்யுங்கள். பலரும் தாண்டிப் போகும் வேலை இது. இடையில் சிக்கிய ஒரு சிறு கல் உழவின் அதிர்வில் பொடிந்து போனால், எவ்வளவு இறுக்கிய போல்ட்டும் தளர்ந்துவிடும்.

போல்ட் வாங்கும்போது பழையதை ஒன்று கையில் எடுத்துச் சென்று, நீளம், தடிமன், மரை, தலையின் சாய்வு நான்கும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். டவுன் ஹால் பக்கத்து எஸ்.ஜே.பி. ரோட்டு இரும்புக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். தலையில் 8.8 அல்லது 10.9 என்று வலிமைத் தரம் பொறித்திருக்கும். கலப்பையின் கையேட்டில் எந்தத் தரம் சொல்லப்பட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். நட்டை எவ்வளவு இறுக்குவது என்ற முறுக்கு அளவு கையேட்டில் இல்லையென்றால், 12 மில்லிமீட்டர் 8.8 தரப் போல்ட்டுக்கு ஏறத்தாழ 80 நியூட்டன் மீட்டர் போதுமானது. முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள், 30 சென்டிமீட்டர் நீள ஸ்பானரின் நுனியில் ஏறக்குறைய 27 கிலோ எடை தொங்கும் அளவுக்கு இழுப்பதாக வைத்துக்கொள்ளலாம். முதல் ஒரு மணி நேரம் உழுதபின் நிறுத்தி, எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். புதிய கொழு தன் இடத்தில் அமரும்போது போல்ட் சற்றே தளர்வது இயல்பு.

கேள்வி: நட்டைத் திருகினால் போல்ட்டும் கூடவே சுற்றுகிறது. துருவும் பிடித்திருக்கிறது. எப்படிக் கழற்றுவது? (வாசகர், கே.ஆர். புரம்)

பதில்: போல்ட்டின் சதுரக் கழுத்து தேய்ந்து உருண்டையாகிவிட்டது என்று பொருள். துருவை இளக்கும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் போல்ட் தலையை முன்பக்கத்தில் பூட்டுக் குறடால் பிடித்துக்கொண்டு திருகிப் பாருங்கள். பிடிக்கத் தலையே மிஞ்சவில்லையென்றால் போராட வேண்டாம். ஆங்கிள் கிரைண்டரால் நட்டின் ஒரு பக்கத்தை மரைவரை அறுத்து, உளியால் பிளந்துவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். எண்ணெய் ஊற்றிய இடத்தில் தீயைக் காட்டக் கூடாது. எண்ணெய் இல்லாவிட்டாலும், பதப்படுத்திய எஃகாலான தண்டைச் செஞ்சூடாகக் காய்ச்சினால் அதன் வலு போய்விடும். கொழுவைத் தண்டோடு வெல்டிங் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அதையும் இதே காரணத்துக்காக மறுத்துவிடுங்கள்.

கேள்வி: பாறையில் மோதும்போதெல்லாம் தண்டின் மேல்பக்க போல்ட் ஒன்று உடைகிறது. இன்னும் வலுவான போல்ட்டைப் போடலாமா? (வாசகர், ஆனேக்கல்)

பதில்: போடக் கூடாது. அந்தப் போல்ட் உடைவதற்காகவே வைக்கப்பட்டது. அது உடைந்தால்தான் தண்டு பின்னால் மடங்கி, அடியின் வேகம் கலப்பையின் சட்டத்துக்குப் போகாமல் நிற்கும். வலுவானதைப் போட்டால் அடுத்த பாறையில் தண்டோ சட்டமோ வளையும். கையேடு சொல்லும் அதே தரத்தில் ஐந்தாறு போல்ட்டுகளையும் ஒரு ஸ்பானரையும் டிராக்டரின் கருவிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, பாறை தட்டுப்படும் இடங்களில் சிறு கம்பை நட்டு அடையாளமிட்டு, அங்கே வேகத்தைக் குறைத்து உழுங்கள்.