ஊர்ப் பெயரிலேயே ஒரு மரம்: நாட்டு மரத் தோட்டம் பற்றிய கேள்வி பதில்

கடலூரில் நாட்டு மரக் கன்றுகளுக்கு நாற்றங்கால் வைத்திருக்கிறேன். மழைக்கு முன் வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): அக்கா, எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள். எல்லோரும் சேர்ந்து தோட்டம் போடப் போகிறோம். எந்த மரத்தில் தொடங்குவது?

பதில்: உங்கள் ஊர்ப் பெயரிலேயே மரம் இருக்கிறதே! பாடலீஸ்வரர் கோயிலின் தலமரம் பாதிரி. பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போதெல்லாம் அதன் பெயரைச் சொல்கிறோம். பூவைப் பார்த்தவர் எத்தனை பேர்? தெருமுனையில் ஒன்று வையுங்கள். உயரமாகப் போகும், மின்கம்பிக்குக் கீழே வேண்டாம். பதினான்கு வீட்டிலும் ஒரே செடியை வைத்துவிடாதீர்கள். ஒரு வீட்டில் நொச்சி, அடுத்ததில் ஆவாரை, அதற்கடுத்து நுணா என்று மாற்றி வையுங்கள். தேன்சிட்டுக்கு மதில் கணக்கெல்லாம் தெரியாது, தெருவே அதற்கு ஒரு தோட்டம்தான்.

மற்றதற்கு என்னிடம் பட்டியல் கேட்பதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போய் வாருங்கள். புதுச்சேரி தாண்டி, மரக்காணம் போகும் வழி. வீரை, காசா, காட்டு எலுமிச்சை என்று இந்தக் கடற்கரையின் பழைய காடு அங்கே மிச்சமிருக்கிறது. அதற்கு உரம் வைத்தவர் யாருமில்லை. சருகை விலக்கி மண்ணைத் தொட்டுப் பாருங்கள். கிளையை மட்டும் ஒடிக்காதீர்கள், ஐயனார் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கேள்வி (மஞ்சக்குப்பம்): சருகைக் கொட்டினால் பாம்பு வரும் என்று அம்மா சண்டை போடுகிறார்.

பதில்: பாம்பு எலியைத் தேடி வரும், எலி, திறந்து கிடக்கும் சோற்றைத் தேடி வரும். மண்ணை மூடும் சருகை, அதாவது மூடாக்கை, வாசலிலிருந்து தள்ளி, அடிமரத்தைத் தொடாமல் நான்கு விரல் கனத்துக்குப் போடுங்கள். அம்மா சமாதானமாகிவிடுவார்.

கேள்வி (தேவனாம்பட்டினம்): கடலோரத்தில் சவுக்கு வைக்கலாமா?

பதில்: காற்றைத் தடுக்கும். ஆனால் அதன் ஊசிச் சருகு மெத்தையில் வேறு செடி எளிதில் தலைதூக்காது. மணல்மேட்டில் அடும்பும் இராவணன் மீசையும் படர்ந்திருந்தால் பிடுங்காதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவை. அதற்குப் பின்னால் தாழை, இன்னும் உள்ளே புன்னை, பூவரசு. அலையை ஒட்டிய வெற்று மணலில் எதையும் நடவேண்டாம். தை, மாசியில் பங்குனி ஆமை என்னும் கடலாமைகள் முட்டையிட அந்த இடம் வேண்டும்.

கேள்வி (முதுநகர்): இன்னொரு தானே புயல் வந்தால் எல்லாம் போய்விடாதா?

பதில்: 2011 டிசம்பர் 30 அன்று எங்கள் வாசல் மயில்கொன்றை வேரோடு படுத்துவிட்டது. எதிர்வீட்டுப் புங்கன் கிளைகளை இழந்தாலும் மறுபடி துளிர்த்தது. அதற்காக எந்த மரத்துக்கும் உத்தரவாதம் தரமாட்டேன். பையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் கிடந்த உயரமான கன்றை வாங்காதீர்கள். வேர் சுருண்டிருக்கும், பிடிப்பு இருக்காது. இரண்டடிக் கன்று போதும். பெரிய கன்றில்தான் எனக்கு லாபம், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

கேள்வி (புதுச்சேரி): மொட்டை மாடியில் நான்கு தொட்டிகள்தான் இருக்கின்றன அக்கா.

பதில்: கறிவேப்பிலை, நார்த்தை. எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சி வந்து முட்டையிடும், புழு இலையைத் தின்னும். மருந்து அடிக்காதீர்கள். ரசத்தில் கறிவேப்பிலை கொஞ்சம் குறையட்டும்.

கேள்வி (வண்டிப்பாளையம்): எப்போது நடுவது?

பதில்: ஐப்பசி மழை மண்ணில் இறங்கியதும். சித்திரையில் வந்து நிற்பவர்களுக்கு நான் கன்று தருவதில்லை, மோர் மட்டும்தான்.