தலைப்புப் பட்டிக்கு மெரூன் நிறம் வேண்டுமா? சட்டத்தைக் கழற்றாதீர்கள்

கேள்வி: மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் கோவிலின் காவடிப் பதிவுக்கு, விண்டோஸ் ஜன்னல் செயலிகள் எழுத உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஒரு செயலி எழுதினேன். தலைப்புப் பட்டி மெரூன் நிறத்தில் வேண்டும் என்றார்கள் நிர்வாகத்தார். ஜன்னலின் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஃபார்ம் பார்டர் ஸ்டைலை ‘நன்’ (சட்டமே வேண்டாம்) ஆக்கி, மேலே ஒரு பேனல் வைத்து நிறம் கொடுத்தேன். இப்போது ஜன்னலை நகர்த்த முடியவில்லை. பெரிதாக்கினால் டாஸ்க்பார் மறைந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: நகர்த்துவது, ஓரத்தைப் பிடித்து அளவை மாற்றுவது, டாஸ்க்பாருக்கு இடம் விடுவது எல்லாம் ஜன்னலைச் சுற்றி விண்டோஸ் போடும், நீங்கள் கழற்றிய அந்தச் சட்டத்தின் வேலை. அதைக் கழற்றியதும் அவையும் சேர்ந்து போய்விட்டன.

நிறம் மட்டும்தான் தேவையென்றால் ஃபார்ம் பார்டர் ஸ்டைலைப் பழையபடி ‘சைசபிள்’ (அளவு மாற்றக்கூடிய சட்டம்) என்றே வையுங்கள். விண்டோஸ் 11-இல் ‘டிடபிள்யூஎம் செட் விண்டோ ஆட்ரிபியூட்’ என்ற ஃபங்ஷனே போதும். எதன் நிறத்தை மாற்ற வேண்டும் என்பதை அதற்கு ஓர் எண்ணால் சொல்ல வேண்டும்: 34 விளிம்பின் நிறம், 35 பட்டியின் நிறம், 36 எழுத்தின் நிறம். ஜன்னல் உருவாகும் ஒவ்வொரு முறையும் ஓடும் ‘ஆன் ஹேண்டில் கிரியேட்டட்’டில் அழையுங்கள், ஜன்னல் மறுபடி உருவானாலும் நிறம் போகாது.

இங்கே பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வலைப்பக்கங்களில் மெரூன் என்பது ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்ணில் 800000; அதில் வரிசை சிவப்பு, பச்சை, நீலம். இந்த ஃபங்ஷனோ நிறத்தை நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழாக வாசிக்கும். அப்படியே கொடுத்தால் கருநீலப் பட்டி வந்து நிற்கும்! ஹெக்ஸில் 000080 என்று கொடுங்கள்.

விண்டோஸ் 10-இல் இந்த மூன்று எண்களும் எடுபடாது. பிழை எண் திரும்பி வரும், பட்டி பழைய நிறத்திலேயே இருக்கும், செயலி பாட்டுக்கு ஓடும். கோவில் அலுவலகத்துக் கணினி யாரோ கொடுத்த பழையதாகத்தான் இருக்கும். அதில் எந்த விண்டோஸ் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

சரி, பட்டியில் வேல் படமும் வேண்டும் என்று அடம்பிடித்தால்? அப்போதும் ‘நன்’ வேண்டாம். விண்டோஸ் ஜன்னலுக்கு அனுப்பும் செய்திகள் வந்து சேரும் ‘வின்ட்ப்ராக்’ ஃபங்ஷனில், சட்டத்துக்கு எவ்வளவு இடம் என்று கேட்கும் 131-ஆம் செய்திக்கு, முதல் அளவுரு பூஜ்யமாக இல்லாதபோது, 0 திருப்புங்கள், சட்டத்தின் இடமும் நீங்கள் வரைவதற்குக் கிடைத்துவிடும். 132-ஆம் செய்தி, சுட்டி எந்தப் பகுதியில் இருக்கிறது என்று கேட்கும். அதற்கு நீங்கள் திருப்ப வேண்டிய எண்கள்: பட்டி என்றால் 2, இடது ஓரம் 10, வலது 11, மேல் 12, கீழ் 15. பெரிதாக்கும்போது ஜன்னல் திரைக்கு வெளியே கொஞ்சம் நீளும், 100% அளவில் சுமார் 8 பிக்சல். அந்த நிலையில் மட்டும் உள்ளே அவ்வளவு இடம் விடாவிட்டால் கோவில் பெயரின் தலை வெட்டுப்படும்.