ஸ்பானிஷில் சட்டம் படிக்க ஒரு செமஸ்டர் போகலாமா?

கேள்வி: ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. படிப்பில் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்துக்கும் ஸ்பெயினில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கும் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருக்கிறது. வரும் செப்டம்பரில் ஒரு செமஸ்டர் போகலாம், வகுப்புகள் ஸ்பானிஷில் இருக்கும் என்கிறார்கள். நான் ஸ்பானிஷில் பி1 என்ற இடைநிலை முடித்திருக்கிறேன். அந்த மொழியில் சட்டம் படித்துத் தேற முடியுமா? இங்கே அரியர் விழுமா? அங்கே படித்தால் அந்த ஊரில் வக்கீலாகலாமா என்று அப்பா கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது? (கோவையிலிருந்து ஒரு மாணவி)

பதில்: போங்கள். ஆனால் போவதற்கு முன் எந்தெந்தப் பேப்பர் எடுக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து அவதிப்படுகிறவர்களில் பெரும்பாலோர் ஸ்பானிஷ் தெரியாமல் மாட்டியவர்கள் அல்லர், பேப்பரைத் தப்பாக எடுத்து மாட்டியவர்கள்.

முதலில் மொழி. சட்ட வகுப்புக்கு அடுத்த படியான பி2 நிலை வேண்டும் என்பேன். சில பல்கலைக்கழகங்கள் பி1 போதும் என்று சேர்த்துக்கொள்ளும். ஆனால் சேர்வது வேறு, ஒரு மணி நேர விரிவுரையைப் பின்தொடர்ந்து குறிப்பெடுப்பது வேறு. சான்றிதழ் தேவையென்றால், ஸ்பெயின் அரசின் மொழி, பண்பாட்டு நிறுவனமான இன்ஸ்திதூதோ செர்வாந்தெஸ் நடத்தும் டெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வை எழுதுங்கள். அதன் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. அந்த நிறுவனத்தின் மையம் புதுதில்லியில் இருக்கிறது.

பி2 இருந்தாலும் சட்ட ஸ்பானிஷ் தனி மொழி. ஆங்கிலத்தில் சட்டம் படித்த நமக்கு, பார்த்த முகம் போலத் தெரியும் சொற்கள்தான் அதிக ஆபத்து. நான் ஸ்பெயினின் சலமாங்கா நகரில் ஒரு செமஸ்டர் படித்தபோது, முதல் மாத 'காசோ பிராக்திகோ' ஒன்றில் சிக்கினேன். ஒரு சம்பவத்தைக் கொடுத்து, எந்தச் சட்டப்பிரிவு பொருந்தும், என்ன செய்யலாம் என்று எழுதச் சொல்லும் வாரப் பயிற்சி அது. கேள்வியில் 'தெமாந்தா' என்ற சொல் இருந்தது. ஆங்கில 'டிமாண்ட்' போல இருக்கிறதே, பணம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, நோட்டீசுக்கு எப்படிப் பதில் அனுப்புவது என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். 'தெமாந்தா' என்றால் பிராது. வழக்கு கோர்ட்டில் ஏறியாகிவிட்டது, நான் இன்னும் தபால் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இப்படி நிறைய உண்டு. 'சென்தென்சியா' என்பது தண்டனை அல்ல, தீர்ப்பு. சிவில் வழக்கிலும் அதே சொல்தான். 'பிஸ்கால்' என்பவர் அரசு வக்கீல், வரிக்காரர் அல்ல. 'ஹூரிஸ்புருதென்சியா' என்றால் நாம் முதலாண்டில் படித்த சட்டத் தத்துவம் அல்ல, மேல்நிலை நீதிமன்றங்களின் முன் தீர்ப்புகள். 'பிரெஸ்கிரிப்சியோன்' என்றால் நாம் லிமிட்டேஷன் என்கிற காலவரம்பு. 'நொத்தாரியோ'வை நம் கோர்ட் வாசலில் முத்திரையோடு உட்கார்ந்திருக்கும் நோட்டரி என்று நினைத்துவிடாதீர்கள். கடுமையான அரசுத் தேர்வு எழுதி வந்தவர் அவர். வீடு, நிலம் கைமாறும்போது பத்திரம் பொதுவாக அவர் முன்னால்தான் கையெழுத்தாகும். நம் பத்திர எழுத்தரும் சார்பதிவாளரும் செய்வதில் பெரும்பகுதி அந்த மேசையிலேயே நடக்கிறது.

இந்தச் சொற்களை அகராதியில் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட, ஒரு நோட்டில் இடப்பக்கம் ஸ்பானிஷ், வலப்பக்கம் நம் கோர்ட்டில் புழங்கும் சொல் என்று எழுதி வாருங்கள். ஆங்கிலத்தை நடுவில் விடாதீர்கள். தெரிந்த முகம் காட்டி ஏமாற்றும் பொய்த்தோழன் வேலையைச் செய்வதே அதுதான்.

சொல்லைவிட ஆழமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. போகச் சொல்வதற்கு உண்மையான காரணமும் அதுதான். நம் படிப்பு தீர்ப்புகளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. உச்ச நீதிமன்றம் சொன்ன சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது நம் அரசியலமைப்பின் 141ஆம் பிரிவு. ஸ்பெயினின் 1889ஆம் ஆண்டு சிவில் சட்டத் தொகுப்பைத் திறந்தால், முதல் பிரிவிலேயே சட்டத்தின் மூலங்கள் மூன்று என்று இருக்கும்: எழுதப்பட்ட சட்டம், வழக்காறு, சட்டத்தின் பொதுக் கோட்பாடுகள். தீர்ப்பு அந்தப் பட்டியலில் இல்லை. அதே பிரிவின் ஆறாவது உட்பிரிவில், உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி சொல்லிவரும் கருத்து சட்ட அமைப்பை 'நிறைவு செய்யும்' என்று மட்டும் வருகிறது. நடைமுறையில் அந்தத் தீர்ப்புகளுக்கு எடை அதிகம்தான். ஆனாலும் விடை எழுதும்போது முதலில் பிரிவு, பிறகு பேராசிரியர்கள் எழுதிய விளக்கம், அப்புறம்தான் தீர்ப்பு. என் வாய்மொழித் தேர்வில் நான் ஒரு வழக்கின் கதையைச் சொல்ல ஆரம்பித்ததும், பேராசிரியர் மேசையில் கிடந்த தொகுப்பை என் பக்கம் தள்ளி, "எந்தப் பிரிவு?" என்று மட்டும் கேட்டார். நான் பக்கம் புரட்டுவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நம் ஊரில் இந்து ஒருவர் தன் சுயசம்பாத்தியச் சொத்து முழுவதையும் பிள்ளைகளுக்கு இல்லாமல் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். ஸ்பெயினின் சிவில் சட்டத் தொகுப்பின்படி அது முடியாது. மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகள் மற்றும் அவர்கள் வழி வாரிசுகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதை 'லெஹீத்திமா' என்கிறார்கள். மிச்சமுள்ள ஒரு பங்குதான் அவர் இஷ்டம். இதுவும் நாடு முழுக்க ஒரே மாதிரி இல்லை. கத்தலோனியா, அரகோன், நவாரா போன்ற பகுதிகளுக்குச் சொந்த சிவில் சட்டம் உண்டு. நவாராவின் பழைய மரபில் பிள்ளைக்கான கட்டாயப் பங்கு ஐந்து பழங்காசும் பொதுமலையில் ஒரு துண்டு நிலமும்தான், அதாவது பேருக்கு. இந்தச் சிந்தனை நமக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. கோவாவில் போர்த்துகீசியர் விட்டுச்சென்ற 1867ஆம் ஆண்டு தொகுப்பின் வழியில் இன்றும் கட்டாயப் பங்கு உண்டு. புதுச்சேரியில் தம் மதச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' குடும்பங்கள் உண்டு. பின்னாளில் புதுச்சேரி வழக்கு ஒன்று உங்கள் மேசைக்கு வந்தால், இந்த ஒரு செமஸ்டர் கைகொடுக்கும்.

சரி, பேப்பர்களுக்கு வருவோம். அங்கே ஒரு செமஸ்டரின் முழுச்சுமை 30 ஐரோப்பிய கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆறு கிரெடிட் பேப்பர் ஒன்றுக்கு, வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்து, 150 மணி நேரமாவது போகும். அந்த ஊர் மாணவருக்கே அப்படியென்றால் உங்களுக்கு ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பல்கலைக்கழகம் அனுமதித்தால் நான்கு பேப்பரோடு நிறுத்துங்கள்.

எதை எடுப்பது? சர்வதேசத் தனியார் சட்டம், ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இரண்டும் வெளிநாட்டு மாணவருக்கு இணக்கமானவை. பொதுச் சர்வதேசச் சட்டமும் எடுக்கலாம். அந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா 16ஆம் நூற்றாண்டில் சலமாங்காவில் பாடம் சொன்னவர். இவற்றோடு முழுக்க ஸ்பானிய மண்ணின் பேப்பர் ஒன்றைக் கட்டாயம் எடுங்கள். வாரிசுரிமை, ஒப்பந்தம், குடும்பச் சட்டம், எதுவானாலும் சரி. கஷ்டமாக இருக்கும், ஆனால் தொகுப்பைக் கையில் வைத்து யோசிக்கும் பழக்கம் அதில்தான் வரும். நான்கையும் ஆங்கில வழிப் பிரிவில் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஒன்று ஆங்கிலத்தில் இருந்தால் மூச்சுவிட நேரம் கிடைக்கும், அவ்வளவுதான்.

உரிமையியல், குற்றவியல் நடைமுறைச் சட்டங்களைத் தவிர்த்துவிடுங்கள். பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள் 20 பேப்பர்களைக் கட்டாயம் என்கின்றன. நம் சாட்சியச் சட்டத்துக்கோ உரிமையியல் நடைமுறைக்கோ ஸ்பானிய நடைமுறைச் சட்டம் ஈடாகாது. அரியர் பிரச்சினை பெரும்பாலும் இங்கேதான் முளைக்கிறது. நீங்கள் வெளியே இருக்கும் செமஸ்டரில் இங்கே நடக்கும் கட்டாயப் பேப்பர்களை எப்போது, எப்படி முடிப்பது என்று டீனிடம் எழுத்தில் வாங்குங்கள். விருப்பப் பேப்பர்களுக்கு ஸ்பானியப் பேப்பர்களை ஈடுகட்டுவதுதான் சுலபமான வழி. எந்தெந்தப் பேப்பர் எடுக்கிறீர்கள் என்று எழுதும் படிப்பு ஒப்பந்தத் தாளில் மூன்று கையெழுத்து வேண்டும்: உங்களுடையது, இங்குள்ள பல்கலைக்கழகத்துடையது, அங்குள்ளதுடையது. அங்கே போன முதல் வாரங்களில் பேப்பர் மாற்றினால், மாற்றத்துக்கும் அந்த மூன்றும் வேண்டும். வாய்வார்த்தையை நம்பி மாற்றிய ஒரு மாணவிக்கு, வந்தபின் ஆறு கிரெடிட்டை ஏற்க மறுத்துவிட்டார்கள்.

மார்க் விஷயத்திலும் இப்போதே பேசிவிடுங்கள். அங்கே பத்துக்கு மதிப்பெண். ஐந்து தேர்ச்சி, ஏழு 'நொத்தாப்லே', ஒன்பது 'சொப்ரெசாலியெந்தே'. அதற்கும் மேலான சிறப்புக் கௌரவம் வகுப்பில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் தரப்படாது. ஏழு எடுப்பது அங்கே நல்ல மதிப்பெண். அதை நம் பல்கலைக்கழகம் அப்படியே 70 சதவீதம் என்று எழுதிவிட்டால் உங்கள் சராசரி சரியும். மாற்று அட்டவணை இருக்கிறதா என்று கேட்டு, ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பேப்பருக்கும் 'கியா தொசெந்தே' என்ற பாடவழிகாட்டியைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் போட்டிருப்பார்கள். அதில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, பாடம் நடக்கும் மொழி. பார்சிலோனாவில் பல வகுப்புகள் கத்தலான் மொழியில் நடக்கும். வலென்சியாவிலும் கலீசியாவிலும் உள்ளூர் மொழிப் பிரிவுகள் உண்டு. ஸ்பானிஷ் பிரிவு எது என்று பார்த்துப் பதியாவிட்டால், முதல் நாள் வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். இரண்டாவது, தேர்வு எழுத்தா, வாய்மொழியா, சட்டத் தொகுப்பை உள்ளே கொண்டுபோக அனுமதி உண்டா. மூன்றாவது, இறுதித் தேர்வுக்கு எத்தனை சதவீதம், வாரப் பயிற்சிகளுக்கு எத்தனை. பயிற்சிகளுக்கு அதிக எடை தரும் பேப்பரே உங்களுக்கு நல்லது.

நாட்காட்டியையும் பாருங்கள். அங்கே முதல் செமஸ்டர் செப்டம்பரில் தொடங்கினால் தேர்வுகள் ஜனவரியில் வரும். அதற்குள் இங்கே அடுத்த செமஸ்டர் தொடங்கியிருக்கும், வருகைப்பதிவு குறையும். தவறினால் எழுதும் மறுதேர்வு சில பல்கலைக்கழகங்களில் சில வாரங்களிலேயே முடிந்துவிடும், சிலவற்றில் கோடை வரை போகும். கோடையில் என்றால் அதற்காக மறுபடி விமானம் ஏற முடியுமா என்று யோசியுங்கள்.

செலவு: பரிமாற்ற மாணவர் வழக்கமாக இங்கேதான் கட்டணம் கட்டுவார், அங்கே கட்ட வேண்டாம். தங்குவதும் சாப்பிடுவதும் உங்கள் பொறுப்பு. விசாவுக்கு மாதம் 600 யூரோ என்ற கணக்கில் கையிருப்பு காட்ட வேண்டியிருக்கும். அந்தத் தொகையில் சலமாங்காவிலோ கிரனாடாவிலோ வீட்டைப் பகிர்ந்து இருந்தால் சமாளிக்கலாம், மாட்ரிட்டிலும் பார்சிலோனாவிலும் கஷ்டம். உங்கள் பல்கலைக்கழகம் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் பரிமாற்றத் திட்டத்தில் இருந்தால் மாத உதவித்தொகையும் பயணச் செலவுக்கு ஒரு தொகையும் கிடைக்கலாம். சர்வதேச உறவுகள் அலுவலகத்தில் அதைத்தான் முதலில் கேளுங்கள். 180 நாளுக்குள் முடியும் படிப்புக்கு விசாவே போதும். அதைத் தாண்டினால், அங்கே போன ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், புறப்படும் முன்பே மருத்துவச் சான்றும் போலீஸ் சான்றும் தர வேண்டும். நம் ஊர் ஆவணம் அங்கே செல்லுபடியாக வேண்டிய அப்போஸ்தில் முத்திரை, ஸ்பெயின் அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு என்று இவற்றுக்கு நாள் பிடிக்கும்.

அப்பாவின் கேள்விக்கு நேரான பதில்: ஆகமுடியாது. ஸ்பெயினில் வக்கீலாக நான்கு ஆண்டு சட்டப் பட்டமோ அதற்கு ஈடானதாக அரசு ஏற்ற பட்டமோ வேண்டும். அதன்பின் வக்கீல் தொழிலுக்கான முதுகலைப் படிப்பு, அதற்குமேல் ஒரு அரசுத் தேர்வு. ஒரு செமஸ்டர் அந்தப் படியில் எதையும் குறைக்காது. உங்கள் பட்டம் உங்கள் பல்கலைக்கழகம் தருவது, பதிவு செய்யப்போவதும் இங்குள்ள பார் கவுன்சிலில்தான். ஸ்பானிஷ் பேசும் நாடுகளோடு வியாபாரம் செய்யும் நிறுவனங்களின் ஒப்பந்த வேலை, சர்வதேச நடுவர் மன்ற வேலை இவற்றில் இந்த மொழியும் இந்தப் பயிற்சியும் மதிக்கப்படும் என்பதை அவரிடம் தயங்காமல் சொல்லலாம்.

செப்டம்பர் வரை இருக்கும் மாதங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஸ்பெயின் அரசிதழான 'போஎ'யின் இணையதளத்தில் எல்லாச் சட்டத் தொகுப்புகளும் திருத்தங்களோடு இலவசமாகக் கிடைக்கின்றன. சிவில் சட்டத் தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு பிரிவு. சத்தமாக வாசியுங்கள், பிறகு புத்தகத்தை மூடிவிட்டு அதே விஷயத்தை உங்கள் அம்மாவுக்குத் தமிழில் சொல்லுங்கள், அப்புறம் ஸ்பானிஷில் மூன்று வரி எழுதுங்கள். 806ஆம் பிரிவிலிருந்து தொடங்கலாம். 'லெஹீத்திமா' அங்கேதான் ஆரம்பிக்கிறது.