டெயின்ட்ரீ ஒரே நாளில்: தாத்தாவும் குழந்தைகளும்

வணக்கம். டிசம்பரில் முழங்கால் வலியுள்ள அப்பாவையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸிலிருந்து வாடகைக் காரில் மாஸ்மன் பள்ளத்தாக்கு, டெயின்ட்ரீ மழைக்காடு, கேப் ட்ரிபியூலேஷன் கடற்கரை மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாமா, குழந்தைகள் கடலில் குளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கடல். வேண்டவே வேண்டாம். நவம்பர் முதல் மே வரை கொடிய ஜெல்லிமீன்கள் வரும் காலம். உப்புநீர் முதலைகளோ ஆண்டு முழுவதும் உண்டு. மணலில் நடக்கலாம், ஆனால் ஓடைகள் கடலில் கலக்கும் இடத்தில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

மூன்றில் ஒன்றைக் கழிப்பதானால் நான் மாஸ்மனைத்தான் கழிப்பேன். கெய்ர்ன்ஸிலிருந்து கேப் ட்ரிபியூலேஷன் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். இடையில் டெயின்ட்ரீ ஆற்றைக் கம்பிவடப் படகில் காரோடு கடக்க வேண்டும். விடுமுறைக் கூட்டத்தில் அங்கேயே நேரம் கரையும். விடியலில் கிளம்புங்கள்.

முழங்கால் வலிக்கும் அப்பாவுக்கு டெயின்ட்ரீ காட்டிலுள்ள மார்ஜா மரப்பலகைப் பாதை பொருத்தம். ஏற்றம் இல்லை. மழைக்காட்டின் நிழலில் தொடங்கி அலையாத்திக் காட்டுக்குள் போகிறது; சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். கொசு மருந்து அவசியம்.

கேப் ட்ரிபியூலேஷன் வரை தார்ச்சாலைதான், சிறிய கார் போதும். அதற்கு அப்பால் புளூம்ஃபீல்ட் மண்பாதையில் இறங்காதீர்கள். ஆற்றைத் தாண்டினால் கைபேசிச் சமிக்ஞை கிடைப்பது அரிது. வரைபடத்தை முன்பே பதிவிறக்கி, வழியில் உள்ள மாஸ்மன் ஊரில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். காசோவரி என்னும் பறக்க முடியாத பெரிய பறவைகள் திடீரென்று சாலையைக் கடக்கும், மெதுவாக ஓட்டுங்கள்.