ஊராட்சி மன்றக் கூட்டத்தில் மாதாமாதம் என்னதான் நடக்கும்? வார்டு உறுப்பினர் எதைப் பார்க்க வேண்டும்?

"வார்டு உறுப்பினராக நிற்கலாம் என்று இருக்கிறேன். கூட்டம் என்றால் கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வருவதுதானே என்கிறார்கள், உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஊர்களில் அப்படித்தான் நடக்கிறது. ஒரே மோட்டார் வருடத்தில் மூன்று முறை எரிவதும், போன வருடம் போட்ட சாலை இந்த மழையில் பெயர்வதும் பெரும்பாலும் அந்த ஊர்களில்தான். தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சியை வைத்துப் பதில் சொல்கிறேன். பேரூராட்சிக்குச் சட்டமும் நடைமுறையும் வேறு.

கிராம சபையும் மன்றக் கூட்டமும் ஒன்றல்ல. கிராம சபை என்பது ஊராட்சியின் வாக்காளர்கள் அத்தனை பேரும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடும். மக்கள் தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். மன்றக் கூட்டமோ தலைவரும் வார்டு உறுப்பினர்களும் மட்டும் உட்காருவது. உறுப்பினர்கள் ஐந்திலிருந்து பதினைந்து பேர் வரை இருப்பார்கள். கிராம சபையில் எல்லோரும் கைதட்டி ஏற்றுக்கொண்ட வேலையாக இருந்தாலும், அதற்குப் பணம் எடுக்க மன்றத்தின் தீர்மானம் வேண்டும். கிராம சபையில் பேசிவிட்டோம், நடந்துவிடும் என்று மக்கள் காத்திருக்க, மன்றத்தில் அது பொருளாகவே வைக்கப்படாமல் போவது சர்வசாதாரணம்.

கூட்டத்துக்கு முன்பே பொருள் நிரலோடு எழுத்தில் அறிவிப்பு வர வேண்டும். அஜெண்டா வழக்கமாக ஒரே வரிசையில்தான் இருக்கும். போன கூட்ட நடவடிக்கைகளைப் படித்து உறுதிசெய்வது, மாத வரவு செலவுக்கு ஒப்புதல், குடிநீர், தெருவிளக்கு, சுகாதாரம், புதுக் குழாய் இணைப்பு கேட்டு வந்த மனுக்கள், ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த கடிதங்கள், கடைசியில் பணிகள். இதில் புதியவர்கள் கேட்காமல் விட்டுவிடும் இரண்டாவது பொருளில்தான் மொத்த ஊராட்சியும் இருக்கிறது. "வரவு செலவு படித்து அங்கீகரிக்கப்பட்டது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், அந்த மாதத்தின் ஒவ்வொரு பில்லுக்கும் நீங்கள் சம்மதம் சொன்னதாகிவிடும். ரொக்கப் புத்தகத்தையும் பில் கட்டையும் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை, சண்டைக்கு இழுப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தீர்மானம் எழுதும் விதத்தில்தான் ஒரு வேலை நிற்பதும் விழுவதும். "3-வது வார்டில் தெருவிளக்கு பழுது நீக்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினால் அதை வைத்து எந்தத் தெருவிலும் எத்தனை விளக்குக்கும் பில் போடலாம். எந்தத் தெரு, எந்த மின்கம்பம் முதல் எந்த மின்கம்பம் வரை, எத்தனை விளக்கு, எத்தனை வாட், மதிப்பீட்டுத் தொகை எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து செலவு என்ற ஆறும் தீர்மானத்துக்குள் இருக்க வேண்டும். தணிக்கைக்கு வருபவர் ஊருக்குள் நடந்து பார்ப்பதை விடப் புத்தகத்தைப் புரட்டுவதுதான் அதிகம். தெளிவாக எழுதிய தீர்மானம் இருந்தால் அவர் கேள்வி கேட்க முடியும். மொட்டையாக இருந்தால் பில்லும் தீர்மானமும் பொருந்துவதாகவே அவருக்குத் தெரியும்.

தீர்மானப் புத்தகத்தை வீடு வீடாக எடுத்துப்போய் வருகைக் கையெழுத்து வாங்கிவிட்டு, பிறகு தீர்மானம் எழுதுவது பெரிய நோய். கையெழுத்துக்குக் கீழே இடம் விட்டிருந்தால் அதில் எது வேண்டுமானாலும் ஏறலாம். கூட்டம் நடந்த இடத்தில், தீர்மானங்களைப் படித்துக் காட்டியபின், கடைசித் தீர்மானத்துக்குக் கீழே மீதமுள்ள இடத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஒரு பொருளில் உடன்பாடு இல்லையென்றால் வாயால் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. எதிர்ப்பு என்று உங்கள் பெயரோடு பதிவாக வேண்டும். கோபித்துக்கொண்டு வராமல் இருப்பது இன்னும் மோசம். தொடர்ந்து மூன்று மாதம் கூட்டங்களுக்கு வராத உறுப்பினர் தகுதி இழக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

பணம் வரும் வழி தெரியாமல் தீர்மானம் எழுத முடியாது. ஊராட்சிக் கணக்குகளை எண்ணால் சொல்வார்கள். முதல் கணக்கு பொது நிதி. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், மாநில நிதிக்குழு மானியம் எல்லாம் இதில் வந்து, சம்பளம், விளக்கு, துப்புரவு என்று போகும். இரண்டாம் கணக்கு மின்கட்டணத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்ட வேண்டிய தொகைக்கும் மட்டும். மூன்றாம் கணக்கு திட்ட நிதி. இதுபோக 2021-26 ஆண்டுகளுக்கான மத்திய 15-வது நிதிக்குழு மானியம் காசோலை இல்லாமல் இணையவழியில் போனது. அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்ட நிதி. மீதி 40 சதவீதத்தில்தான் மன்றம் தன் விருப்பப்படி வேலை எடுக்க முடிந்தது. சம்பளத்துக்கு அதைத் தொடக்கூடாது என்று இருந்தது. "பணம் இருக்கிறதே, ஏன் சாலை போடவில்லை?" என்ற கேள்விக்குப் பல நேரம் விடை இதுதான்: இருக்கும் பணம் வேறு காரியத்துக்குக் கட்டப்பட்டிருக்கும்.

காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இருவருக்கும் பகை வந்தால் முதலில் அடிபடுவது தொட்டி ஆபரேட்டரும் தூய்மைப் பணியாளரும்தான். குறைந்த ஊதியத்தில் ஊரைத் துடைத்து வைக்கிறவர்களின் சம்பளம் மாதக்கணக்கில் நிற்கும். இழுபறி நீண்டால் மாவட்ட ஆட்சியர், ஊராட்சிகள் சட்டம் 203-வது பிரிவின்படி அந்த அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் ஒப்படைத்துவிடுவார். சம்பளம் கிடைக்கும், ஆனால் ஊராட்சியின் சாவி ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்விடும். உறுப்பினர்கள் நடுவில் புகுந்து சம்பளக் காசோலையை மட்டுமாவது சண்டையிலிருந்து பிரித்துவைக்க வேண்டும்.

குடிநீரில்தான் அதிக பில் வரும், அதனால் அதிகம் பார்க்க வேண்டியதும் அங்கேதான். நீர்மூழ்கி மோட்டார் எரிந்தது, காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று) கட்ட இவ்வளவு என்று பில் வந்தால் தொகையை விடக் காரணத்தைக் கேளுங்கள். மூன்று பேஸில் ஒன்று போய் இரண்டில் ஓடியதா, குறைந்த மின்னழுத்தமா, கிணற்றில் தண்ணீர் இறங்கி வெறுமனே ஓடியதா? இந்த மூன்றிலிருந்தும் காப்பாற்றப் பேனல் போர்டில் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே இருக்கும். அடிக்கடி டிரிப் ஆகித் தொல்லை தருகிறது என்று ரிலேவை விலக்கி நேராக வயர் கொடுத்துவிடுவார்கள். அடுத்த மாதமே காயில் கருகும். அதே மோட்டார் இரண்டாவது முறை வந்தால் காயில் கட்டுவதோடு பேனல் சரிசெய்யவும் சேர்த்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். கழற்றிய பழைய காப்பர், பழைய மோட்டார், பழைய குழாய் எல்லாம் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாதது எடைக்குப் போய்விடும்.

பிளீச்சிங் பவுடர் கணக்கு எளிது, ஆனால் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. நல்ல தரமான பவுடர் 1,000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம். 30,000 லிட்டர் தொட்டிக்கு ஒரு நிரப்புக்கு 120 கிராம். நாளுக்கு இருமுறை நிரப்பினால் மாதம் 7 கிலோவுக்குச் சற்று மேல். ஆகவே அந்த ஒரு தொட்டிக்கு 25 கிலோ மூட்டை மூன்று மாதத்துக்கு மேல் வர வேண்டும். மாதம் நான்கு மூட்டை பில் வந்தால் மீதி எங்கே என்று கேட்கலாம். சாக்கடையோரம் தூவினோம் என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம், அதனால் இருப்புப் பதிவேட்டில் தொட்டிக்கு, தெருவுக்கு என்று தனித்தனியாக எழுதச் சொல்ல வேண்டும். மொத்தமாக வாங்கி அடுக்குவதும் தவறு. பிரித்த மூட்டை ஈரக்காற்றில் வீரியம் இழந்துவிடும், பிறகு எவ்வளவு போட்டாலும் பயனில்லை. பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக்கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் கழித்தே திறந்துவிட வேண்டும். சரியாகச் சேர்ந்ததா என்று பார்க்கும் இடம் தொட்டியடி கிடையாது. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப் வைத்துப் பார்த்து லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். அந்தக் கடைசித் தெரு பெரும்பாலும் காலனியாகத்தான் இருக்கும். அங்கே பரிசோதிக்காத குளோரின் கணக்கு கணக்கே இல்லை.

தெருவிளக்கில் இரண்டே விஷயம். எல்இடி வாங்கினால் வாரண்டி உண்டு. மாட்டும் முன் விளக்கின் உடம்பில் தேதியை மார்க்கரால் எழுதி, பில்லோடு வாரண்டி அட்டையையும் வைத்தால் போன விளக்குக்குப் புது விளக்கு வாங்கலாம். எழுதாததால் வாரண்டிக்குள் போன விளக்குக்கும் ஊராட்சி பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது, பகலில் எரிவது. 20 வாட் விளக்கு 100, பகல் 12 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 24 யூனிட், மாதம் 720 யூனிட் வீண். இரண்டாம் கணக்கிலிருந்து போவதால் யாருக்கும் வலிப்பதில்லை.

பணிகளுக்கு மதிப்பீடு போடுவதும் அளப்பதும் ஒன்றியத்தின் ஓவர்சியரும் பொறியாளரும். அளவு எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் ஏறி, அதன்படி பில். ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) கோராமல் தப்பிக்க ஒரே தெருவின் வேலையை மூன்று துண்டாக வெட்டி மூன்று மதிப்பீடு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்; 1998-ம் வருடத்து ஒப்பந்தப்புள்ளி ஒளிவுமறைவின்மைச் சட்டம் இருப்பதே இதைத் தடுக்கத்தான். சிமெண்ட் சாலை என்றால் மதிப்பீட்டு நகலை வாங்கி வைத்துக்கொண்டு, கான்கிரீட் கொட்டும் அன்று பலகை அடைத்திருக்கும்போதே கனத்தை டேப்பால் அளங்கள். காய்ந்தபின் ஓரம் மண் போட்டு மூடிவிடுவார்கள், பிறகு உடைத்துப் பார்த்தால்தான் தெரியும். 14 நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்களா என்பது அடுத்தது. தண்ணீர் விடாத சாலையில் மேல்பூச்சு மாவாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றையும் விட முக்கியம் மட்டம். பழைய சாலை மேலேயே புதுச் சாலையை ஏற்றினால் வீட்டு வாசல்கள் பள்ளமாகி மழைநீர் உள்ளே போகும். அதைத் தடுக்க வேண்டிய இடம் மதிப்பீடு. போட்டபின் தடுக்க முடியாது.

வரியில், வீட்டு வரியைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று எழுதும் கேட்புப் பதிவேட்டில் புதுக் கட்டடங்கள் ஏறியிருக்கின்றனவா, மாடி எடுத்த வீட்டுக்குப் பழைய வரியே ஓடுகிறதா என்று உங்கள் வார்டுக்கு மட்டும் ஒருநாள் நடந்து சரிபார்த்தாலே போதும். வரியோடு வசூலாகும் நூலக வரி, ரூபாய்க்கு 10 பைசா, ஊராட்சியின் பணம் அல்ல; மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டியது. செலுத்தாமல் செலவழித்துவிட்டு நிலுவையாக நிற்பதைத் தணிக்கையில் அடிக்கடி சுட்டுவார்கள். கண்டுகொள்ளப்படாதது தொழில் வரி. ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் வங்கி, பள்ளி, மில் ஆகியவற்றின் ஊழியர்களிடம் அரையாண்டுக்கு ஒருமுறை வர வேண்டியது, ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் வரை. கேட்பு அறிவிப்பு அனுப்பாததால் மட்டும் வராமல் இருக்கிறது. பொது நிதி வற்றிய ஊராட்சிக்கு இதைப்போல் எளிய வருமானம் வேறில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2020-ல் கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சியின் பட்டியல் சமூகத்துப் பெண் தலைவர், கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளியானது. தலைவரின் நாற்காலியில் தலைவர்தான் உட்கார வேண்டும். அவருடைய கணவரோ, முன்னாள் தலைவரோ, ஊர்ப் பெரியவரோ உட்கார்ந்து நடத்துவது மன்றக் கூட்டமே இல்லை. முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லுங்கள். இரண்டாம் கூட்டத்தில் அது வழக்கமாகியிருக்கும்.

2019 டிசம்பரில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, அந்த ஊராட்சிகளில் மன்றத்தின் வேலையை அரசு நியமித்த தனி அலுவலர் ஏற்றார். அப்படிப்பட்ட காலத்துச் செலவுக்கும் தீர்மானம் உண்டு, புத்தகம் உண்டு. தேர்வானதும் கேட்க வேண்டிய முதல் ஆவணங்கள் மூன்று: அந்தக் காலத்துத் தீர்மானப் புத்தகம், மூன்று கணக்கின் வங்கி இருப்பு, மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் உள்ள நிலுவை. பொறுப்பேற்கும்போதே இவற்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இன்னும் தேர்வாகவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டு நகல் கேட்கலாம். கேட்கும்போது "ஊராட்சி பற்றிய எல்லா விவரமும்" என்று எழுதாமல், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரையிலான தீர்மான நகல் என்று குறிப்பிடுங்கள்.