போக்சோ வழக்குகளில் வேலை செய்பவர்களின் மன அழுத்தம்: கேள்வி பதில்

போக்சோ வழக்குகளில், அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில், குழந்தைகளுக்குத் துணையாகப் போகிறேன். ஒரு குழந்தை சொன்னது சமைக்கும்போதும் காதில் ஒலிக்கிறது. என் மகளை டியூஷனுக்குத் தனியாக அனுப்பவே பயம். எனக்கு எதுவும் நடக்கவில்லையே, ஏன் இப்படி?

நமக்கே நடந்திருக்க வேண்டும் என்பதில்லை, அம்மா. 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு, வேலைக்காக இத்தகைய விவரங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பவர்களுக்கும் பாதிப்பு வரலாம் என்கிறது. அது தரும் உதாரணங்களில் ஒன்றே, குழந்தை வன்கொடுமை விவரங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கும் போலீஸ்காரர்கள்தான். தூக்கமின்மையும் இந்த நினைவுகளும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி-மானஸ், எண் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம்.

அலுவலகத்தில் யோகா வகுப்பு வைத்தோம். இரண்டு பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள். வேறென்ன செய்ய?

யோகாவைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கடுமையான ஃபைல் எல்லாம் யார் மேஜைக்குப் போகிறது என்று பாருங்கள். "அவங்க நல்லா ஹேண்டில் பண்ணுவாங்க" என்று ஒருவர் தலையிலேயே கட்டுவோம். நன்றாக வேலை செய்ததற்குத் தண்டனை அது! சுழற்சி முறையில் பிரித்துக் கொடுங்கள். கோர்ட்டுக்குப் போய் வந்தவருக்கு மறுநாள் காலை புது வழக்கு வேண்டாம். வாரம் ஒருமுறை மூத்தவர் ஒருவர் ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து பேசட்டும். அங்கே ரிப்போர்ட் எப்போது வரும் என்ற பேச்சே கூடாது; அந்தப் பேச்சு வந்தால் எல்லாம் கெட்டது.

சாப்பிடும்போது வழக்குகளைப் பேசிக்கொள்வோம். ஒரு தோழி எழுந்து போய்விடுகிறார்.

அவர் செய்வது சரி. "ஒரு கஷ்டமான விஷயம், இப்போ சொல்லலாமா?" என்று முதலில் கேளுங்கள். உங்கள் மனபாரத்தைச் சொல்லுங்கள், சம்பவத்தின் விவரம் வேண்டாம்.

குழந்தையிடம் எப்படிக் கேட்பது?

வாக்குமூலம் வாங்கும் போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது என்கிறது போக்சோ சட்டம், பிரிவு 24. குழந்தையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். சாட்சி சொல்லத் திரும்பத் திரும்ப அழைக்கக்கூடாது என்பது பிரிவு 33. அதே மனசு உங்கள் அறையிலும் வேண்டும். நாற்காலியைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும், கதவு அதன் கண்ணில் படட்டும். "அப்பவே ஏன் சொல்லல?" மட்டும் வேண்டாம். குழந்தை சொன்னதை அதன் வார்த்தையிலேயே தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்து வரும் பணியாளர் குழந்தையிடம் மறுபடி கேட்காமல் குறிப்பைப் படித்துக்கொள்ளலாம்.