பெட்டிக்குள்ள ஆள் இருக்கா? – வாசகர் கேள்வி பதில்

கே: சார், ரோபோங்கிற பேரே ஏதோ பழைய இங்கிலீஷ் படத்துல இருந்து வந்ததுன்னு என் ஃப்ரெண்ட் அடிச்சு சொல்றான். உண்மையா?

ப: பந்தயம் கட்டியிருந்தா காசை வாங்கிடுங்க. படமும் இல்ல, இங்கிலீஷும் இல்ல. செக் மொழி நாடகம், கரேல் சாபெக் 1920ல எழுதினது, அடுத்த வருஷம் ப்ராக்ல மேடையேறுச்சு. பேர் எடுத்துக் குடுத்தது அவரோட அண்ணன் யோசெப். 'ரோபோட்டா'ன்னா அங்க ஜமீன்தார் நிலத்துல கூலியில்லாம செய்ற கட்டாய வேலை. நாம இப்ப வெட்டி வேலைன்னு சும்மா சொல்றோம்ல, அந்த 'வெட்டி'க்கும் கல்வெட்டு காலத்து அர்த்தம் கிட்டத்தட்ட இதேதான். இதுல வேடிக்கை என்னன்னா அந்த நாடகத்து ரோபோ இரும்பே கிடையாது, மாவு பிசையுற மாதிரி ஒரு சரக்கைப் பிசைஞ்சு சதையும் தோலுமா செஞ்ச ஆளுங்க. டப்பா டப்பாவா நடக்குறது எல்லாம் பின்னாடி சினிமாக்காரங்க மாட்டிவிட்டது.

கே: பழைய படங்கள்ல ரோபோவுக்குள்ள ஆள் நிக்கிறது அப்பட்டமா தெரியுது. அப்ப ஜனங்க எப்படி நம்புனாங்க?

ப: நம்ப வைக்க அவங்க பட்ட பாடு தெரிஞ்சா இப்படிக் கேக்க மாட்டீங்க. 1951ல வந்த 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்துல கார்ட்னு ஒரு ராட்சச ரோபோ வரும், உடம்புல ஒரு இணைப்புகூடத் தெரியக்கூடாது, ஒரே வார்ப்பு மாதிரி இருக்கணும். ஆனா உள்ள ஆள் போகணும்னா ஜிப் வேணுமே! அதனால ரெண்டு ரப்பர் சூட் தெச்சாங்க, ஒண்ணுக்கு ஜிப் முன்னாடி, இன்னொண்ணுக்குப் பின்னாடி, கேமரா எந்தப் பக்கம் நிக்குதோ அதுக்கு ஏத்த மாதிரி மாத்தி மாத்தி போட்டுக்கிறது. உள்ள இருந்தவர் லாக் மார்ட்டின், 7 அடிக்கு மேல உயரம், ஹாலிவுட்ல ஒரு தியேட்டர் வாசல்ல வேலை பாத்தவர். ஆள்தான் உயரமே தவிர உடம்புல தெம்பு கம்மி, ஹீரோயினைத் தூக்கிட்டு நடக்குற சீன்ல கம்பி கட்டித்தான் சமாளிச்சாங்க. இதுக்கெல்லாம் முன்னாடி 1927லயே ஃப்ரிட்ஸ் லாங் 'மெட்ரோபோலிஸ்' எடுத்துட்டார், அதுல வர்ற பொம்பளை ரோபோ பளபளன்னு உலோகமா மின்னும், நெஜத்துல அது மரச்சாமான்ல விரிசல் அடைக்கிற பட்டி மாதிரி ஒரு சரக்குல செஞ்சு வெள்ளிப் பூச்சு அடிச்சது. பிரிகிட்டே ஹெல்ம்ங்கிற சின்னப் பொண்ணு அதை மாட்டிக்கிட்டு மணிக்கணக்கா நின்னிருக்கு. எனக்கு இதுலயெல்லாம் ரொம்பப் பிடிச்சது 1972 'சைலன்ட் ரன்னிங்'ல வர்ற மூணு குட்டி ரோபோதான். ஒரு மாதிரி தத்தித் தத்தி நடக்கும், உள்ள மனுஷன் இருக்க சான்ஸே இல்லன்னு தோணும். உள்ள இருந்தவங்க கால் இல்லாத நடிகர்கள், கையாலயே நடந்திருக்காங்க! சத்தியமா நான் கண்டுபிடிக்கல, படிச்சப்புறம் திரும்பப் போட்டுப் பாத்தேன், அப்பவும் தெரியல.

கே: நடிகர்கள் ரோபோவா நடிக்கிறப்ப என்ன பண்றாங்க? விறைப்பா நடந்து மெஷின் குரல்ல பேசினா போதாதா?

ப: அது ஸ்கூல் ஆண்டுவிழாவுக்குப் போதும். நல்ல நடிகர் எதையாவது சேர்க்க மாட்டார், கழிப்பார். 'டெர்மினேட்டர் 2' (1991) எடுத்துக்கங்க, வில்லன் ரோபோவா வர்ற ராபர்ட் பேட்ரிக் பைக்கைத் துரத்திக்கிட்டு ஓடுறார்ல, அங்க கொஞ்சம் நிறுத்தி மூஞ்சியப் பாருங்க. வாய் மூடியே இருக்கும். அப்படித் தலைதெறிக்க ஓடுறவன் வாயால மூச்சு வாங்குவான்ல, இவர் மூக்காலயே மூச்சு விட்டுக்கிட்டு ஓடப் பழகியிருந்தார், துப்பாக்கி சுடுறப்ப கண்ணை மூடாம இருக்கவும் பழகினார். திரவமா உருகி ஒட்டுற கிராஃபிக்ஸைப் பத்தித்தான் எல்லாரும் பேசுறாங்க, என்னக் கேட்டா பயம் வர்றது அந்த மூடின வாயிலதான். 2001ல ஸ்பீல்பெர்க்கோட 'ஏ.ஐ.' படத்துல ரோபோ பையனா வந்த ஹேலி ஜோயல் ஆஸ்மென்ட்டும் கண் சிமிட்டாமயே நடிச்சான், அவனுக்கு அப்ப பத்துப் பன்னெண்டு வயசு.

கே: படங்கள்ல மனுஷனையும் ரோபோவையும் எப்படி பிரிச்சுக் கண்டுபிடிக்கிறாங்க?

ப: படத்துக்குப் படம் ஒரு ஓட்டை விட்டு வெப்பாங்க. 1973 'வெஸ்ட்வேர்ல்ட்'ல கை, விரல் மட்டும் சரியா வரலன்னு ஒரு டயலாக் வரும். 'ஏலியன்'ல (1979) ரத்தம், வெள்ளையா பால் மாதிரி பீச்சியடிக்கும். 'பிளேட் ரன்னர்'ல (1982) கண்ணு. கேள்வி மேல கேள்வி கேட்டு கண்ணு எப்படி மாறுதுன்னு மெஷின்ல பாத்துத்தான் தீர்ப்பு. அதோட சில சீன்ல அந்தச் செயற்கை ஆளுங்க கண்ணு, ஏன் ஆந்தைகூட, ராத்திரி பூனைக் கண்ணு மாதிரி மின்னும், கம்ப்யூட்டர் வேலை எதுவும் இல்ல, கேமராவுக்கு முன்னாடி பாதி கண்ணாடி பாதி ரசம் பூசின ஒரு சில்லைச் சாய்ச்சு வெச்சு அதுல வெளிச்சத்தைத் திருப்பி நேரா கண்ணுக்குள்ள விட்டாங்க. கண்ணாடியைச் சாய்ச்சு வெச்சு ஏமாத்துற வித்தை மெட்ரோபோலிஸ்லயே உண்டு, அங்க நடிகர்களையும் குட்டி மாடல் கட்டடங்களையும் ஒண்ணா காட்ட. அப்புறம் 'பிளேட் ரன்னர்' கதை நடக்குறது 2019 நவம்பர்ல, அது வந்து போயே போச்சு, பறக்குற காரைத்தான் காணோம்.

கே: '2001 ஸ்பேஸ் ஒடிஸி' படத்துல வர்ற ஹால் ரோபோவா கம்ப்யூட்டரா?

ப: கம்ப்யூட்டர். சாகும்போது பாடுற பாட்டுக்கு மட்டும் ஒரு கதை இருக்கு: 1961ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்கிற ஆராய்ச்சிக் கூடத்துல ஒரு ஐபிஎம் கம்ப்யூட்டரைப் பாட வெச்சாங்க, அதுவும் இதே 'டெய்சி பெல்'தான்.

கே: நம்ம சிட்டியை விட்டுட்டீங்களே!

ப: விடுவேனா. 'எந்திரன்'ல (2010) எல்லாரும் ஆயிரம் சிட்டி உருண்டையா உருள்றதைச் சொல்வாங்க, நான் தீ விபத்து சீனைச் சொல்வேன். குளிச்சிட்டிருந்த பொண்ணை அப்படியே தூக்கிட்டு வந்து அத்தனை பேர் முன்னாடி, கேமரா முன்னாடி நிறுத்திடும், அவ அவமானம் தாங்காம ஓடி வண்டில அடிபட்டு செத்துப்போவா. ஐசக் அசிமோவ் 1942லயே கதையில எழுதி வெச்ச முதல் விதி மனுஷனுக்குக் கேடு வரவிடாதேங்கிறது. சிட்டி கேடுன்னா நெருப்பு மட்டும்னு நெனச்சுது. மானம்னு ஒண்ணு அதோட டிக்‌ஷனரில இல்ல. வசனத்துல சுஜாதாவும் இருந்தார், படம் வர்றதுக்குள்ள 2008லயே போயிட்டார்.

கே: இப்ப எல்லாமே கிராஃபிக்ஸ்தானே, உள்ள ஆள் இருக்குற காலம் முடிஞ்சிருச்சா?

ப: அவ்ளோ சீக்கிரம் முடியாது. 'எக்ஸ் மாக்கினா'வுல ரோபோவா வர்ற அலிசியா விகாண்டர் வயிறு, கையெல்லாம் கண்ணாடி மாதிரி உள்ள மெஷின் தெரியும்ல, அதுக்குப் பச்சைத் துணி எதுவும் கட்டல. அவங்க நடிச்சதை எடுத்துட்டு, அப்புறம் ஆளே இல்லாம அதே ஷாட்டை திரும்ப எடுத்து, ரெண்டையும் வெச்சு உடம்பைத் தோண்டியிருக்காங்க. ஆஸ்கரும் வாங்குச்சு. இன்னொண்ணு 2014 'இன்டர்ஸ்டெல்லார்'ல டார்ஸ்ங்கிற ரோபோ, நாலு பட்டையா நிக்கிற பீரோ மாதிரி இருக்குமே. பில் இர்வின் அந்தப் பாரத்தைப் பின்னாடி நின்னுக்கிட்டுத் தள்ளித் தள்ளி நடத்தி, கூடவே வசனமும் பேசினார், அவரை மட்டும் அப்புறமா கம்ப்யூட்டர்ல அழிச்சாங்க. இதுல பெட்டிக்குள்ள ஆள் இல்ல, நீங்க சொன்னது சரி. பின்னாடி நிக்கிறார்.